தார்ப்பாயும் 10,000 ஏரிகளும்

ஏப்ரல் கடைசியில ஒரு சனிக்கிழமை. ஐஸ் உருகி ஏரியெல்லாம் திறந்தாச்சு. இன்னும் ரெண்டு வாரத்துல மீன்பிடி சீசன். மினசோட்டால இருக்கறவங்களுக்குத் தெரியும், சீசன் திறக்கற அந்த மே மாசச் சனிக்கிழமை இங்க தீபாவளி மாதிரி. ஆறு மாசமா வீட்டுக்குப் பக்கவாட்டுல பனியிலயும் மழையிலயும் நின்ன நம்ம 16 அடி அலுமினியப் படகைப் பார்க்கலாம்னு, மேல மூடியிருந்த கவரை ஒரு இழு இழுத்தேன்.

சளக்!

நடுவுல குளம் கட்டி நின்ன தண்ணி மொத்தமும் என் கால்ல. கூடவே ஒரு நாத்தம். உள்ள எட்டிப் பார்த்தா கார்ப்பெட்ல பச்சையும் கருப்புமா பூசணம். முன்பக்கத் தரைப்பலகையை விரலால அமுக்கினா ஊறின ரொட்டி மாதிரி அமுங்குது.

"அப்பவே சொன்னேன், அந்தக் கந்தலைத் தூக்கிப் போடுங்கன்னு." ஜன்னல்ல இருந்து தங்கமணி.

புதுசா அளவெடுத்துத் தைக்க எவ்வளவுன்னு விசாரிச்சேன். 800 டாலர். படகையே நான் பழசாத்தான் வாங்கினேன் மக்கா, அதுக்குப் போர்வை 800 டாலரா? ஆத்துக்கு அந்தப்பக்கம் விஸ்கான்சின்ல இருக்கற நண்பருக்குப் போன் போட்டுப் புலம்பினேன். மனுஷன் சிரிச்சார்.

"புதுசெல்லாம் எதுக்கு பாஸ்? நல்லா தண்ணியைத் தள்ளற ஸ்ப்ரே ரெண்டு டப்பா அடிச்சா முடிஞ்சது. ஆனா உங்க ஊர்ல வாங்காதீங்க. சட்டம் போட்டுக் கெடுத்துட்டாங்க. இப்ப அங்க விக்கறதெல்லாம் வெறும் தண்ணி. பழைய சரக்கு எங்கிட்ட இருக்கு, கொண்டு வர்றேன்."

இந்தப் பதிவு அந்த ஒரு வரிக்குப் பதில். போன்ல சொல்ல வாய் வரலை. எனக்குக் கோபம் வந்தாலும் பத்து நாள் கழிச்சுத்தான் வார்த்தை வரும். என்ன செய்ய, வளர்ப்பு அப்படி :-)

*

முதல்ல குத்தவாளி யாருன்னு பார்த்துடுவோம். கவர் ஏன் ஒழுகுச்சு?

ஸ்ப்ரே போதாமல்னு நண்பர் சொல்றார். கவர் பழசாயிட்டதாலன்னு தங்கமணி சொல்றாங்க. உண்மையில குத்தவாளி அடியேன்தான். ரெண்டு வருஷம் முன்னாடி கவர் அழுக்கா இருக்கேன்னு பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுத்து, டிரைவ்வேல விரிச்சு, துணி துவைக்கற டிடர்ஜெண்ட் கொட்டி, சர்ர்ர்ருன்னு அடிச்சேன். பளபளன்னு ஆயிடுச்சு. பக்கத்து வீட்டுத் தாத்தா வேலிக்கு அந்தப்பக்கம் நின்னு தலையை மட்டும் ஆட்டினார். பாராட்டறார்னு நெனச்சேன். ஹிஹி.

அவர் ஏன் தலையாட்டினார்னு இப்ப புரியுது. இந்தக் கித்தான் துணி வேலை செய்யற விதம் தெரிஞ்சா உங்களுக்கும் புரியும்.

படகுக் கவர்ங்கறது பிளாஸ்டிக் ஷீட் இல்லை, நெய்த துணி. நூலுக்கும் நூலுக்கும் நடுவுல நுணுக்கமான சந்து இருக்கும். அது வேணும்னேதான். உள்ள இருக்கற ஈரம் ஆவியா வெளிய போக வழி வேணும். நூல் மேல மட்டும் தண்ணி ஒட்டாதபடி ஒரு பூச்சு. நூல்ல ஒட்ட முடியாத மழைத்துளி தன் பரப்பு இழுவிசையால சந்து மேல அப்படியே பாலம் மாதிரி நின்னு, சரிவு இருந்தா உருண்டு ஓடிடும். ஆவி போகும், தண்ணி வராது. அவ்வளவுதான் சூட்சுமம்.

இதைக் கெடுக்க மூணு வழி இருக்கு. ஒண்ணு, பூச்சையே உரிச்சு எடுக்கறது. பிரஷர் வாஷர் அதைத்தான் செய்யும், நெசவையும் கலைச்சு விட்டுடும். ரெண்டு, சோப்பை அலசாம விடறது. சோப்போட வேலையே தண்ணியோட இழுவிசையைக் குறைச்சுத் துணிக்குள்ள இறங்க வைக்கறதுதானே? மிச்சம் தங்கின சோப்பு ஒவ்வொரு மழைக்கும் கதவைத் திறந்து விடும். மூணு, கவரைத் தொய்வா விட்டுத் தண்ணியைக் குளமாத் தேக்கறது. தேங்கின தண்ணியோட கனம் அமுக்க அமுக்க, எந்தப் பூச்சும் தாங்காது, சந்து வழியா இறங்கியே தீரும்.

மூணையும் ஒருத்தனே செஞ்சிருக்கான். அவ்வ்வ்வ்...

*

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்க பெரியப்பா நாமக்கல்ல லாரி ஓட்டினவர். லீவுக்குப் போனா வாசல்ல தார்ப்பாய் விரிச்சுக் கெடக்கும். அந்தக் காலத்துல பிளாஸ்டிக் தார்ப்பாய் இன்னும் பெருசா வரலை, கனமான பருத்திக் கித்தான்தான். மழைக்காலம் வர்றதுக்கு முன்னாடி அதைத் தென்னை விளக்குமாத்தால தட்டி, வெயில்ல காயவெச்சு, ஓட்டை இருந்தா கோணி ஊசியால ஒட்டுப் போட்டு, தையல் மேலெல்லாம் மெழுகைத் தேய்ப்பார். வெயில் சூட்டுல மெழுகு இளகி நூலுக்குள்ள இறங்கும். அந்த வாசனை இப்பவும் மூக்குல நிக்குது.

ஒரு தடவை கிளீனர் பையன் கட்டின லோடு நனைஞ்சு போச்சு. பையன் தார்ப்பாய் மேல பழி போட்டான். பெரியப்பா திட்டலை. "தார்ப்பாய் ஒழுகறதில்லை கண்ணு. நீ கட்டுன கட்டுத்தான் ஒழுகுது"ன்னார்.

முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு, கால்ல ஐஸ் தண்ணியோட நிக்கறப்ப அது ஞாபகம் வந்தது. தமிழ்ல தார் பூசின பாய், தார்ப்பாய். இங்கிலீஷ் டார்பாலின்லயும் அதே தார் ஒட்டிக்கிட்டு இருக்கு. கப்பல்காரங்க கித்தானுக்குத் தார் பூசினாங்க, எண்ணெய் பூசினாங்க, எங்க பெரியப்பா மெழுகு பூசினார். தண்ணியைத் தள்ள மனுஷன் ரொம்ப காலமா வழி வெச்சிருந்தான்ங்கறதுதான் விஷயம்.

*

சரி, செஞ்ச வேலையைச் சொல்றேன். உங்கள்ல யாராவது படகோ, கூடாரமோ, வெளிய போடற கித்தான் நாற்காலியோ வெச்சிருந்தா உதவும்.

முதல்ல லேபிளைப் பார்த்தேன். பருத்தியா, பாலியெஸ்டரா, அக்ரிலிக்கான்னு தெரியாம கை வைக்கக் கூடாது. என்னுடையது நூலா இழுக்கறதுக்கு முன்னாடியே சாயம் கலந்த அக்ரிலிக். பருத்தியைப் பூசணம் தின்னும். அக்ரிலிக்கை அது தின்னாது, மேல படிஞ்ச அழுக்கைத்தான் தின்னு வாழும். அதனால அக்ரிலிக்குக்குப் பிளீச் போடலாம். ஒரு காலன் தண்ணிக்கு (சுமார் 3.8 லிட்டர்) ஒரு கப் பிளீச், கால் கப் மென்மையான சோப்பு, 15 நிமிஷம் ஊறல், அப்புறம் நல்லா அலசல். பருத்திக்கு இதைச் செஞ்சா நூல் இத்துப்போகும், அதுக்கு மிதமான சோப்பும் வெயிலும்தான் வைத்தியம். பிளீச்சோட வேற எந்தக் கிளீனரையும் கலக்கவே கலக்காதீங்க. அம்மோனியாவோ அமிலமோ சேர்ந்தா விஷவாயு வரும்.

டிரைவ்வேல விரிக்கலை, இந்தத் தடவை புல்தரையில. டிரைவ்வேல ஓடற தண்ணி தெருவோர வடிகாலுக்குப் போகும். வடிகால் தண்ணி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போறதில்லை, நேரா ஏரிக்கோ ஆத்துக்கோதான். இது எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

காய்ஞ்ச அழுக்கை முதல்ல பிரஷ்ஷால தட்டினேன். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணி, 38 டிகிரிக்கு மேல போகாம. பாத்திரம் கழுவற மென்மையான சோப்பு கொஞ்சமா, மிருதுவான பிரஷ். அலசல்தான் முக்கியம். நுரை நின்ன பிறகும் இன்னும் ரெண்டு தடவை அலசினேன். வாஷிங் மெஷினோ டிரையரோ கிட்டக்கூட வரலை. ரெண்டு நாள் வெயில்ல காயவெச்சேன்.

அப்புறம்தான் பெரியப்பா சொன்னதைச் செஞ்சேன். படகு நடுவுல ஒரே ஒரு முட்டுக்கம்பு இருந்தது. ரெண்டு கூடுதலா வெச்சேன். கூடாரம் மாதிரி முதுகு தூக்கி நின்னுச்சு. ஓரத்துப் பட்டைகளை இழுத்துக் கட்டினேன். தையல் மேல தேன்மெழுகைத் தேய்ச்சேன்.

இன்னும் ஒரு சொட்டு ஸ்ப்ரே அடிக்கலை. தோட்டத்துக் குழாயை மேல திருப்பிவிட்டு அரை மணி நேரம் பார்த்தேன். பெரியவன் படகுக்குள்ள டார்ச்சோட உக்காந்துட்டு, "அப்பா, ரெண்டு இடத்துல ஈரம், ஒரு இடத்துல சொட்டு"ன்னு ரிப்போர்ட் குடுத்தான். அவ்வளவுதான்! வாரக்கணக்கா என்னைத் தூங்கவிடாத ஒழுகல்ல முக்கால்வாசி, அழுக்கும் சோப்பும் தொய்வும்தான். டப்பாவுக்கு மிச்சம் இருந்த வேலை கால்வாசிகூட இல்லை.

*

இப்ப விஸ்கான்சின் நண்பரோட பழைய சரக்குக்கு வருவோம்.

துணி மேல தண்ணி முத்து முத்தா நிக்குமே, எண்ணெய் ஊத்தினாலும் ஒட்டாதே, அந்த மாயத்தைச் செய்யறது ஃப்ளூரின் சேர்ந்த வேதிப்பொருள்கள். மொத்தக் குடும்பத்துக்கும் பி.எஃப்.ஏ.எஸ்.னு பேர். இந்தக் கதையோட முக்கியமான பக்கம் நம்ம ஊர்லயேதான் எழுதப்பட்டுச்சு. 1953ல செயிண்ட் பால் 3எம் ஆய்வகத்துல ஒரு ஃப்ளூரின் கலவை உதவியாளரோட டென்னிஸ் ஷூ மேல சிந்துச்சு. எது போட்டுக் கழுவியும் போகலை, அழுக்கும் அந்த இடத்துல ஒட்டலை. அதைக் கவனிச்சவங்க பாட்ஸி ஷெர்மன், கூட வேலை செஞ்ச சாமுவேல் ஸ்மித். அதுல பொறந்ததுதான் ஸ்காட்ச்கார்டு. அந்தக் காலத்துல ஆய்வகத்துல பெண்கள் அபூர்வம், அந்த வகையில ஷெர்மன் மேல எனக்கு மரியாதைதான். ஆனா ஒரு சிக்கல் இருந்தது: கார்பனும் ஃப்ளூரினும் போடற முடிச்சை இயற்கை அவிழ்க்கறதில்லை. மண்ணுக்குப் போனாலும், தண்ணிக்குப் போனாலும், மீனுக்குள்ள போனாலும், நமக்குள்ள வந்தாலும் அப்படியே இருக்கும்.

2000ல அந்த நிறுவனமே பழைய ஸ்காட்ச்கார்டுல இருந்த வேதிப்பொருளை நிறுத்தறதா அறிவிச்சது. ஆனா அதுக்குள்ள அரை நூற்றாண்டு ஓடிப்போச்சு. இரட்டை நகரத்தோட கிழக்குப் பக்கம் கொட்டின தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீர்ல இறங்கினது 150 சதுர மைலுக்கு மேல. ஓக்டேல், லேக் எல்மோ, உட்பரி, காட்டேஜ் குரோவ்... நம்ம தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கற ஊர்கள். மாநில அரசு 2010ல வழக்குப் போட்டு, 2018ல 850 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆச்சு. லேக் எல்மோ ஏரியில பிடிச்ச மீனைச் சாப்பிடலாமா வேண்டாமான்னு சுகாதாரத் துறை சொல்ற நிலைமை. ஏரிக்குப் படகு எடுத்துட்டுப் போய், மீனைப் பிடிச்சு, போட்டோ எடுத்து, திரும்ப விடணும். வண்டி நம்பர் பிளேட்ல 10,000 ஏரிகள்னு பெருமையாப் போட்டுக்கற ஊருக்கு இது அவமானமா இல்லையா?

ஓக்டேல்ல பள்ளிக்கூடம் படிச்ச பொண்ணு அமாரா ஸ்ட்ராண்டி. கல்லீரல்ல அபூர்வமான புற்றுநோய். உடம்பு முடியாத நிலைமையிலயும் சட்டமன்றத்துக்குப் போய்ப் பேசினா. 2023 ஏப்ரல்ல, 21 வயசு முடியறதுக்கு முன்னாடியே போயிட்டா. அந்தத் தண்ணிதான் காரணம்னு ஒரு தனி ஆளுக்கு நிரூபிக்க முடியாது, அதையும் சொல்லிடறேன். ஆனா அடுத்த மாசமே கையெழுத்தான சட்டத்துக்கு அவ பேரைத்தான் வெச்சாங்க. அந்தச் சட்டப்படி 2025 ஜனவரி 1ல இருந்து 11 வகைப் பொருள்கள்ல பி.எஃப்.ஏ.எஸ். வேணும்னே சேர்த்து மினசோட்டால விக்கக் கூடாது. சமையல் பாத்திரம், பல் இடுக்கு நூல், குழந்தைச் சாமான்... அந்தப் பட்டியல்ல துணிக்கு அடிக்கற பூச்சும் ஒண்ணு.

நண்பர் "கெடுத்துட்டாங்க"ன்னு சொன்னது இந்தச் சட்டத்தைத்தான்.

அவர் பக்கம் நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். கிழக்குப் பக்கத்து நாசம் தொழிற்சாலைக் கழிவால, என் ஒத்தை டப்பாவால இல்லை. புது ஸ்ப்ரே எண்ணெயைத் தள்ளாது, மரப்பிசினும் பறவை எச்சமும் கொஞ்சம் கறை விடத்தான் செய்யும். அடிக்கடி பூசவும் வேண்டியிருக்கும். எல்லாம் உண்மை.

ஆனா யோசிச்சுப் பாருங்க. துணியில அடிச்ச பூச்சு ரெண்டு மூணு வருஷத்துல தேய்ஞ்சு போகுது, அதனாலதானே திரும்ப அடிக்கறோம்? தேய்ஞ்சது எங்க போச்சு? மழையோட கீழ இறங்கிப் புல்லுக்கு, வடிகாலுக்கு, ஏரிக்கு. படகை நனையாமக் காப்பாத்தறேன்னு, படகு மிதக்க வேண்டிய தண்ணியில அழியாத ஒண்ணைக் கலக்கறோம். போர்வைக்காகப் படுக்கையைக் கொளுத்தற கதை. என் டப்பா சின்னதுதான். ஆனா அந்தத் தொழிற்சாலை ஓடினது என்னை மாதிரி லட்சம் பேர் டப்பா வாங்கினதாலதானே?

இன்னொண்ணு. படகுக் கவர்ல எனக்கு எண்ணெயைத் தள்ள வேண்டிய அவசியமே இல்லை. மேல விழறது மழையும் பனியும். தண்ணியைத் தள்ள சிலிகான் போதும், மெழுகு போதும். நமக்குத் தேவைப்பட்டது வேலை நடக்கறது இல்லை, முத்து முத்தா நிக்கற அழகு. அந்த அழகைப் பார்த்து "ஆகா, நல்ல சரக்கு"ன்னு நம்பப் பழகிட்டோம். கவருக்குப் பரீட்சை மேல இல்லை மக்கா, உள்ள. கார்ப்பெட் காய்ஞ்சிருக்கா? அதான் மார்க்கு.

"அதுக்குப் பேசாம நீல பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டுடலாமே"ன்னு கேக்கறவங்களுக்கு: அது மழையை நிறுத்தும், ஆவியையும் நிறுத்தும். உள்ளயே வியர்த்து வியர்த்துப் பலகை உளுத்துப்போகும். வெயில்ல ரெண்டு வருஷத்துல நார் நாராப் பிரிஞ்சு அதுவும் ஏரிக்குத்தான் போகும்.

*

கடைசியில நான் அடிச்சது, ஃப்ளூரின் இல்லைன்னு டப்பாவிலேயே போட்ட சாதாரண ஸ்ப்ரே. காத்து இல்லாத சாயங்காலம், மாஸ்க் போட்டுக்கிட்டு, கனமா ஒண்ணுக்குப் பதிலா மெல்லிசா ரெண்டு பூச்சு. கராஜ் மூலையில பழைய சரக்கு அரை டப்பாவா மூணு கிடந்தது. அதைக் குப்பையில போடாம, கவுண்டியோட அபாயக் கழிவு மையத்துல கொண்டுபோய்க் குடுத்தேன். தரைப்பலகையில நாலடி வெட்டி மாத்தினேன், அது என் முட்டாள்தனத்துக்கு அபராதம்.

கோடை முழுக்க இடியும் மழையுமா அடிச்சது. தண்ணி கவர் மேல முத்தா நிக்கலை, தட்டையா வழிஞ்சு ஓடுச்சு. பார்க்க அழகா இல்லை. உள்ள கை வெச்சுப் பார்த்தேன். காய்ஞ்சிருந்தது.

ஆகஸ்ட்ல நண்பர் வந்தார், கையில அந்த டப்பாவோட. படகுக்குள்ள கை வெச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. டப்பாவையும் நான் வாங்கிக்கலை. ரெண்டு பேரும் ஏரிக்குப் போனோம். அவர் ஒரு வாலாய் மீன் பிடிச்சார், எனக்கு வழக்கம் போல ஒண்ணும் இல்லை. அந்த ஏரியில மீனைச் சாப்பிடலாமான்னு அவரே போன்ல சுகாதாரத் துறை பக்கத்தைத் தேடிப் பார்த்தார். நான் வாயே திறக்கலை. சத்தியமா.

சட்டம் விக்கறவனைத்தான் தடுக்கும். ஆத்தைத் தாண்டிப் போய் வாங்கிட்டு வந்து அடிச்சா யாரும் பார்க்கப் போறதில்லை. அந்த இடத்துல பெரியப்பாவோட வார்த்தைதான் நமக்குச் சட்டம்: நாம கட்டுற கட்டு ஒழுகாம இருக்கட்டும்.

டிஸ்கி: பக்கத்து வீட்டுத் தாத்தா இந்த வருஷமும் வேலி ஓரம் நின்னு தலையாட்டினார். இந்தத் தடவை மேலும் கீழுமா :-)